துடைத்த பக்கம்

எங்கள் சரக்கை யாராவது ரொம்பப் புகழ்ந்தால் எனக்குப் பிடிக்காது. குறை சொன்னால் உட்கார்ந்து கேட்பேன். புகழ்ந்தால் உடனே சந்தேகம் வந்துவிடும். எங்கள் முதலாளி கௌரிசங்கர் சார் இதைப் பூங்கோதையின் வியாதி என்பார். அந்த வியாதிதான் அன்று காலை என்னை நிம்மதியாக ஒரு டீ குடிக்க விடவில்லை.

முதல் நாள் சாயங்காலம் புதுச்சேரி கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்மிருதி போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். அங்கே செல் வளர்க்கும் கூடத்தில் வேலை பார்க்கும் பெண் அவள். "மேடம், இந்தத் தடவ உங்க வில்லையில செல்லு பிரமாதமா வளர்ந்திருக்கு. இவ்வளவு கெட்டியா புடிச்சிக்கிட்டு வளர்ந்து நான் பார்த்ததே இல்ல. நாளைக்குக் காலையில ஆபரேஷன்" என்று ஒரே சந்தோஷம். கௌரிசங்கர் சார் ஷெட்டில் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். நானும் தின்றேன். தின்றுகொண்டே, கெட்டியாகப் பிடித்ததா, ஏன் கெட்டியாகப் பிடிக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் பதறியது விளங்காது. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு பக்கம் ஃபியூஸ் கட்டை செய்கிற கம்பெனி, மறுபக்கம் பொம்மை செய்கிற கம்பெனி, நடுவில் எங்கள் ஷெட். நாங்களும் பீங்கான்தான் செய்கிறோம். ஆனால் எங்களுடையது சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய, நகத்தைப் போல மெல்லிய, வெளிச்சம் கசிகிற வில்லை. அதைப் பாலிமர் கரைசலில் முக்கி எடுத்து, சூட்டில் வைத்து இறுக விடுவோம். பூச்சு கண்ணுக்கே தெரியாது. அப்படி என்ன பூச்சு என்று என் அண்ணன் கேட்டபோது, கதையில் ராஜா உடுத்தின கண்ணுக்குத் தெரியாத சட்டை மாதிரி ஒண்ணும் ஏமாத்து வேலை இல்லை, நிஜமாகவே இருக்கிறது என்று சண்டை போட்டிருக்கிறேன்.

அந்தப் பூச்சின் குணம் இதுதான். உடம்புச் சூட்டில் வைத்திருக்கும்வரை செல்கள் அதன்மேல் உட்கார்ந்து பெருகி, ஒரு மெல்லிய படலமாகப் படரும். குளிர வைத்தால் பூச்சு தண்ணீரைக் குடித்து உப்பிப் பிடியை விட்டுவிடும். படலம் கிழியாமல் முழுசாக எழும்பி வரும். டாக்டர் அதை எடுத்து அடிபட்ட கண்ணில் பதித்துவிடுவார். பூச்சு இல்லாத வெறும் பீங்கானிலும் செல் வளரும். எங்கள் பீங்கானில் நன்றாகவே வளரும். ஆனால் எவ்வளவு குளிர வைத்தாலும் விடாது. பிய்த்தால் நார் நாராகத்தான் வரும்.

அன்று ஆபரேஷன் எங்கள் ஷெட்டில் வேலை பார்க்கும் அமீர் நிஷா அக்காவின் ஒரே மகள் ஹஸ்னாவுக்கு. திட்டக்குடியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை ரயீஸ் துபாயில். அவன் லீவில் வருகிறான் என்று பாத்ரூமைப் பளிச்சென்று ஆக்கப் போனாள். அடைப்பு எடுக்கிற பவுடரைக் கொட்டித் தண்ணீர் விட்டதும் அது பொங்கித் தெறித்து வலது கண்ணில் விழுந்துவிட்டது. கருவிழியின்மேல் தழும்பு வெள்ளையாகப் படர்ந்து, இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும்.

டாக்டர் தேஜஸ்வினி அவளுடைய இடது கண்ணின் ஓரத்திலிருந்து கடுகளவு எடுத்து, அதிலிருந்துதான் செல் வளர்க்கச் சொன்னார். "நல்ல கண்ணுல ஒரு தடவதான் கை வெப்பேன். ரெண்டாவது தடவ நீங்க கால்ல விழுந்தாலும் மாட்டேன்" என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆபரேஷனில் முதலில் தழும்பைச் சுரண்டி எடுப்பார்கள். அதற்கப்புறம்தான் படலத்தைக் குளிர வைத்து எழுப்பிக் கண்ணில் போடுவார்கள். சுரண்டி முடித்த பிறகு போடுவதற்குப் படலம் இல்லையென்றால் இருக்கிற வெளிச்சமும் போய்விடும்.

ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் அந்த வரிசையில் ஒரு வில்லையை எங்களிடமே வைத்துக்கொள்வது வழக்கம். காலையில் ஷெட்டைத் திறந்ததும் அதை எடுத்து, வெதுவெதுப்பான தட்டில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். பூச்சு இருந்தால் அந்தச் சூட்டில் சொட்டு குண்டாக நிற்கும். நின்றது. நம் புத்தி இப்படித்தான், நல்லதை நல்லது என்று ஏற்காது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். எடுத்து வைக்கப் போனவள், எதற்கோ அதைப் புரட்டி மறுபக்கமும் ஒரு சொட்டு விட்டேன். முக்கி எடுப்பதால் இரண்டு பக்கமும் பூச்சு படும், அதனால் மறுபக்கத்தைச் சோதிக்க அதுவரை எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

தண்ணீர் நிற்கவில்லை. விட்ட இடத்திலேயே பரவி வில்லை முழுவதும் நனைந்துவிட்டது. துடைத்துக் காயவைத்து மறுபடி விட்டேன். மறுபடியும் பரவியது.

ஒரு பக்கம் மட்டும் பூச்சே இல்லை. கரைசல் கெட்டிருந்தால் இரண்டு பக்கமும் போயிருக்க வேண்டும். யாரோ ஒரு பக்கத்தைத் துடைத்திருக்கிறார்கள். யார் என்றும், ஏன் என்றும் அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வரிசையைச் செய்த அன்று நான் ஷெட்டில் இல்லை. ஸ்ரீமுஷ்ணத்தில் அண்ணன் மகளுக்குக் காது குத்து. வழக்கமாக அமீர் நிஷா அக்கா வில்லைகளைத் தேய்த்து மெருகேற்றுவதோடு சரி, முக்குவது என் வேலை. அன்று அவர் கௌரிசங்கர் சாரிடம் போய், "என் பொண்ணு கண்ணுக்குப் போறது சார். நானே முக்கறேன். பூங்கோதை செய்யறத தெனமும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்று கேட்டிருக்கிறார். எந்த மனுஷன் மாட்டேன் என்பான்? சாரும் சரி என்றுவிட்டார்.

எங்களிடம் வருவதற்கு முன் அக்கா பல வருஷம் பக்கத்து ஃபியூஸ் கட்டைக் கம்பெனியில், சூளையில் கண்ணாடியாக உருகிப் பளபளக்கிற கிளேஸ் பூச்சில் சாமான்களை முக்கி எடுத்தவர். அங்கே சாமானைக் கிளேஸில் முக்கியதும் ஈரப் பஞ்சால் அடியைச் சுத்தமாகத் துடைத்தாக வேண்டும். துடைக்காமல் சூளைக்குள் வைத்தால் கிளேஸ் உருகிச் சாமான் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு இரண்டையும் உடைத்துத்தான் போட வேண்டும். இந்த ஊரில் கிளேஸ் வேலை பழகிய கை, அடி துடைக்காத சாமானை நெருப்புக்கு அனுப்பாது. நான் துடைக்காமல் சூட்டுப் பெட்டியில் வைப்பதைப் பார்த்து இவ்வளவு நாளும் என்னைச் சோம்பேறி என்றுதான் அவர் நினைத்திருப்பார். வாய் திறந்து சொல்லியிருந்தால் நான் சிரித்துக்கொண்டே விளக்கியிருப்பேன். மரியாதைக்காகச் சொல்லாமல் இருந்துவிட்டார்.

கௌரிசங்கர் சார் உள்ளே வந்தபோது நான் அந்த வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். இரண்டு பக்கமும் சொட்டு விட்டுக் காட்டினேன். படித்தவர், எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"எந்தப் பக்கத்துல செல்லு வளர்ந்திருக்குன்னு நமக்குத் தெரியாதே, பூங்கோதை. நல்ல பக்கமாவும் இருக்கலாம் இல்ல?"

"கெட்டியா புடிச்சிருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லுதே சார்."

"உறுதியா தெரிஞ்சிக்காம ஆபரேஷன நிறுத்தச் சொல்ல முடியுமா? தப்பா போனா, அப்புறம் எந்த ஆஸ்பத்திரியும் நம்மள உள்ள வுடாது."

அவர் சொன்னதும் நியாயம்தான். அதனாலேயே எனக்குக் கோபம் தலைக்கேறியது. போனை எடுத்து அமீர் நிஷா அக்காவைக் கூப்பிட்டேன். ஒரு ரிங்கிலேயே எடுத்தார். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாராம்.

"சொல்லும்மா. இப்பத்தான் உள்ள இட்டுக்கிட்டுப் போனாங்க. துவா பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பெரிய பாடுபட்டேன். "அக்கா, சும்மா ஒண்ணு கேக்கறேன். ஹஸ்னாவுக்கு வில்லை முக்குனீங்களே, அடிய தொடச்சீங்களா?"

"தொடைக்காம இருப்பேனா?" அக்காவின் குரலில் பெருமை. "எம் பொண்ணுக்குப் போறதாச்சே. புதுப் பஞ்சு எடுத்து, ஒவ்வொண்ணா நல்லா ஒத்தித் தொடச்சேன். ஒரு சொட்டு இல்லாம தொடச்சேன்."

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பற பெட்டியில எப்படி அடுக்குனீங்க?"

"இது என்ன கேள்வி? தொடச்ச பக்கம் கீழதான். சாமான அடிய கீழ வெச்சித்தான அடுக்குவாங்க?"

எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் அந்தப் பதிலோடு போயிற்று. எங்கள் பெட்டியை எப்படித் திறக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். மூடியை எடுத்து, கை படாமல், சுத்தமான துணிமேல் பெட்டியை அப்படியே கவிழ்த்துவிடுங்கள், எந்தப் பக்கம் மேலே வந்தாலும் ஒன்றுதான் என்று வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். கீழே இருந்தது மேலே வந்திருக்கும். ஒன்று இரண்டல்ல, அத்தனை வில்லையும். ஹஸ்னாவின் செல் முழுவதும் வெறும் பீங்கானைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"இருங்கக்கா, திரும்ப கூப்புடறேன்" என்று வைத்துவிட்டேன்.

கௌரிசங்கர் சார் அதற்குள் டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். டாக்டரின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஸ்மிருதியின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது, கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஆஸ்பத்திரி ரிசப்ஷனுக்குப் போட்டார். ஒரு பெண் எடுத்து, டாக்டர் தியேட்டரில் இருக்கிறார், முடிந்ததும் பேசச் சொல்கிறேன் என்றாள். அவசரம் என்றார் சார். என்ன அவசரம் என்று அவள் கேட்டதற்கு மென்று விழுங்கினார்.

"வில்லை கெட்டுப் போச்சுன்னு சொல்லுங்க சார்!" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார், பிறகு சொன்னார். "எங்க கம்பெனி வில்லையில தப்பு நடந்திருக்கும்மா. அத யூஸ் பண்ணக் கூடாது. உள்ள போய் யாராவது சொல்லணும்." அந்தப் பெண் பொறுமையாக, "அப்படீன்னா எங்க பர்ச்சேஸுக்கு ஒரு மெயில் போட்டுடுங்க சார்" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போனைப் பிடுங்கிச் சூளைக்குள் போட்டிருப்பேன். விருத்தாசலத்திலிருந்து புதுச்சேரிக்குப் பறந்தா போக முடியும்? கார் போய்ச் சேருவதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிடும்.

"அக்காகிட்டதான் சொல்லணும்" என்றேன்.

"வேணாங்க, பூங்கோதை." சாரின் குரல் உடைந்திருந்தது. "அவங்க கையாலதான் போச்சுன்னு தெரிஞ்சா உசிர வெச்சிக்கிட்டு இருப்பாங்களா? வேற ஏதாவது காரணம் சொல்லுங்க. மிஷின் தப்புன்னு சொல்லுங்க."

நானும் அப்படித்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் அமீர் நிஷா அக்கா யாரென்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுப் போகிற மனுஷி. நர்ஸ் வந்தால் எழுந்து நிற்பார். ஏதோ மிஷின் தப்பாம், ஆபரேஷனை நிறுத்துங்கள் என்று போய் நின்றால், உட்காரும்மா என்று ஒரு அதட்டல் போதும், உட்கார்ந்துவிடுவார். அவர் உட்காரக் கூடாது என்றால் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதைச் சொல்ல என் வாய்தான் கிடைத்ததா என்று அழுகை வந்தது.

மறுபடி கூப்பிட்டு, சாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, நான் சொல்றத நல்லா கேளுங்க. நடுவுல பேசாதீங்க. அந்த வில்லைய தொடைக்கக் கூடாது. தொடச்சதுல பூச்சு போயிடுச்சி. அந்தப் பக்கத்துல வளர்ந்த தோலு எழும்பி வராது, கிழிஞ்சிடும். டாக்டரு இப்ப ஹஸ்னா கண்ண சுரண்டிட்டாங்கன்னா அப்புறம் போடறதுக்கு ஒண்ணும் இருக்காது. இருக்கற பார்வையும் போயிடும். நிறுத்தணும் அக்கா. டாக்டரு எங்க போன எடுக்கல. நீங்கதான் நிறுத்தணும்."

ஐயோ, ஒரே போடாகப் போட்டுக் கொன்றுவிட்டோமே என்று நினைத்தேன். கௌரிசங்கர் சார் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான் தொடச்சேன்" என்றார் அக்கா. கேள்வி மாதிரியும் இல்லை, பதில் மாதிரியும் இல்லை.

"ஆமாங்கக்கா."

"எந்தக் கதவும்மா?"

"என்னக்கா?"

"ரெண்டு கதவு இருக்குது இங்க. எதுல போனா டாக்டரம்மா இருப்பாங்க?"

"எதுல செவப்பு லைட்டு எரியுதோ அது. போனக் கையிலயே வெச்சிக்குங்க. கட் பண்ணாதீங்க."

பிறகு நாங்கள் கேட்டதெல்லாம் சத்தம்தான். முதலில் புடவையின் சரசரப்பும் வெறுங்காலின் ஓட்டமும். கதவைத் தட்டுகிற ஓசை. கையால் தட்டினார், அப்புறம் எதையோ எடுத்து, டீ ஃபிளாஸ்க்காக இருக்க வேண்டும், மடார் மடார் என்று இடித்தார். ஒரு ஆண் குரல், "ஏம்மா, என்ன பண்ற? தள்ளு! இது தியேட்டரு!"

"டாக்டரம்மாவ கூப்புடுங்க."

"ஆபரேஷன் நடக்குது. போய் உக்காரு."

"உக்கார மாட்டேன். அந்தத் தோலு வராது. நான் கெடுத்துட்டேன். நாந்தான் கெடுத்தேன், என் கையாலதான் கெடுத்தேன், அத எம்மவ கண்ணுல வெக்காதீங்க!"

இப்படி ஒரு குரல் அந்த மனுஷிக்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பக்கத்துக் கம்பெனியில் மண் அரைக்கும் மிஷின் ஓடும்போதுகூடக் காதருகே வந்து மெதுவாகப் பேசுகிறவர். இன்னொரு பெண் குரல் கேட்டது, நர்ஸாக இருக்கும். இந்தம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, அந்தப் பக்கம் இட்டுக்கொண்டு போங்கள் என்றது. இழுக்கிறார்கள் போலிருந்தது. போன் கீழே விழுந்தது. தூரத்திலிருந்து மட்டும் அக்காவின் குரல் வந்துகொண்டே இருந்தது. "ஹஸ்னா! ஏ ஹஸ்னா! வேணாம்னு சொல்லுடீ! உள்ள எந்திரிச்சி வேணாம்னு சொல்லுடீ!"

பிறகு சட்டென்று எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. நான் கௌரிசங்கர் சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். போன் விழுந்து அணைந்துவிட்டதா என்று திரையைப் பார்த்தேன். அணையவில்லை. கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான்.

"யாரு லைன்ல?" டாக்டர் தேஜஸ்வினியின் குரல். நல்ல கோபம்.

"வில்லை கம்பெனியிலேருந்து பூங்கோதை, டாக்டர். கண்ணுல கை வெச்சிட்டீங்களா?"

"மரத்துப்போற ஊசி போட்டிருக்கு. கத்திய கையில எடுத்தேன், இந்தம்மா கதவ இடிக்கறாங்க. என்ன நடக்குது?"

வரிசையாகச் சொன்னேன். முக்கியதும், துடைத்ததும், அடுக்கியதும், கவிழ்க்கச் சொன்னது நான் என்பதும். யார் துடைத்தார்கள் என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, பக்கத்திலேயே அக்கா அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஸ்மிருதி வில்லைய வெளிய எடுத்துட்டா. குளிர வெக்கறதுக்கு இப்பத்தான் கொண்டு வர்றா."

"திரும்ப சூட்டுல வெக்கச் சொல்லுங்க டாக்டர். படலமா எழுப்ப முடியாது. ஆனா செல்லு உசிரோடதான் இருக்குது. நொதி போட்டு ஒவ்வொண்ணா விடுவிச்சி, வேற வில்லையில விதைக்கலாம். கொஞ்சம் செத்துப் போகும், மிச்சம் பொழைக்கும்."

"பொழைக்கும்னு உறுதியா சொல்வீங்களா?"

சொல்ல முடியாது. சொல்ல ஆசையாக இருந்தது. "சொல்ல முடியாது டாக்டர். ஆனா நல்ல கண்ணத் திரும்பத் தொடாம இருக்கணும்னா இது ஒண்ணுதான் வழி."

"இன்னிக்கே புது வில்லை செய்யுங்க. நாளைக்குக் காலையில என் கையில இருக்கணும். ரெண்டு பக்கமும் பார்த்து அனுப்புங்க" என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. பிறகு அவர் உள்ளே யாரிடமோ, "பேஷண்ட வெளிய கொண்டாங்க" என்று சொல்வதும் சக்கரம் உருளும் சத்தமும் கேட்டன.

போனை டாக்டர் யாரிடம் கொடுத்தார் என்று தெரியவில்லை. அக்காவிடம்தான் இருந்திருக்க வேண்டும். அழுகை பக்கத்தில் கேட்டது. "மன்னிச்சிடு தாயி, மன்னிச்சிடு. என் கை வெளங்காமப் போவ. நான் தொடச்சிப்புட்டேன்டீ, ஒங் கண்ண நான் தொடச்சிப்புட்டேன்." கௌரிசங்கர் சார் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். எனக்கும் கேட்க முடியவில்லை, ஆனால் வைக்கவும் மனசில்லை.

ஹஸ்னாவுக்கு ஊசி போட்ட பக்கம் கன்னமெல்லாம் மரத்திருக்கும். பேச்சு கொஞ்சம் குழறிக்கொண்டு வந்தது.

"அழுவாதம்மா. தொடச்சியா? தொடச்சிட்டுப் போ. வூட்டுல எதத்தான் நீ தொடைக்காம வுட்டிருக்க? ரயீஸு வாங்கியாந்த போனு கண்ணாடியையே தொடச்சித் தொடச்சி மங்கலாக்குனவதான நீ?"

அக்கா அழுகைக்கு நடுவே ஏதோ சொன்னார், புரியவில்லை. ஹஸ்னா போனை வாங்கிக்கொண்டாள் போலிருக்கிறது. மூச்சுச் சத்தம் கிட்டத்தில் கேட்டது.

"பூங்கோதை அக்காவா? திரும்ப செய்யணும்னு டாக்டரு சொல்றாங்களே. எப்ப செய்வீங்க?"

"இப்பவே செய்யறோம்மா. நீ கவலப்படாத. நானே முக்கறேன், வேற யாரையும் கிட்ட வுட மாட்டேன்" என்றேன். அவளுக்கு தைரியம் கொடுப்பதாக நினைத்துத்தான் சொன்னேன்.

"அதுக்குத்தாங்க்கா கேட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள், அம்மா காதில் விழக் கூடாது என்பதற்காக இருக்கும். "அம்மா இனிமே அந்த முக்கற ரூமு பக்கமே போவாது. நீங்களும் வேணாம்னுட்டா, வூட்டுல உக்காந்து கையப் பாத்துப் பாத்தே செத்துப் போயிடும். எங்கள இட்டுக்கிட்டு வந்த சின்னாப்பா கார்லயே இப்பவே அனுப்பி வெக்கறேன். அம்மா வர வரைக்கும் இருங்க. அதையே முக்கச் சொல்லுங்க."

"ஹஸ்னா, இன்னொரு தடவ தப்பாச்சின்னா..."

"எங் கண்ணுதானக்கா? நான் சொல்றேன். அம்மாவே முக்கட்டும். நீங்க பக்கத்துல நின்னு கையப் புடிச்சிக்குங்க."

கௌரிசங்கர் சார் திரும்பி என்னைப் பார்த்தார். அவரைக் கேட்காமலேயே, சரி, அக்கா வரும்வரை காத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கரைசலைக் கலக்கப் போனேன்.